சமூக நலவாழ்வுப் பணிக்கு நிதி கேட்பது: முன்மொழிவு ஏன் நிராகரிக்கப்படுகிறது?

ரத்த அழுத்தம், நீரிழிவு, தாய் சேய் நலம் ஆகியவற்றில் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று, இரண்டு அறக்கட்டளைகளிடம் விண்ணப்பித்து இரண்டிலும் நிராகரிக்கப்பட்ட பிறகு மூன்று கேள்விகளை முன்வைத்திருக்கிறது. முன்மொழிவை இன்னும் நன்றாக எழுதுவது எப்படி? அலுவலக வாடகையையும் கணக்காளர் சம்பளத்தையும் நிதியில் கேட்கலாமா? ‘எங்கள் நிதி முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கப்படும்போது என்ன பதில் சொல்வது? முதல் கேள்வியில்தான் பெரும்பாலோர் நேரத்தைச் செலவிடுகிறார்கள். ஆனால் மொழிநடை சரியில்லை என்பதற்காக நிராகரிக்கப்படும் முன்மொழிவுகள் மிகக் குறைவு. கேட்ட பணத்துக்கும் வரப்போவதாகச் சொல்லும் ஆரோக்கிய மாற்றத்துக்கும் நடுவே உள்ள தொடர்பு காகிதத்தில் தெரியாமல் போவதும், வரவு செலவுத் திட்டம் அந்த வேலையின் உண்மையான செலவைக் காட்டாமல் இருப்பதும்தான் பெரும்பாலான நிராகரிப்புகளின் காரணம் என்பது என் கருத்து. இவை இரண்டையும் சரிசெய்தால் மற்ற இரு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

அதற்கு முன், யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். நிதி தரும் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு பிறப்பு வரலாறு உண்டு. அது எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதை அந்த வரலாறே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை, மருந்துத் தொழிலதிபர் ஹென்றி வெல்கம் எழுதிவைத்த உயிலின்படி 1936இல் உருவானது. அதன் மையம் ஆராய்ச்சி. எனவே மருத்துவ முகாம் நடத்தப் பணம் கேட்டு அதன் கதவைத் தட்டுவது வீண்வேலை. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றுக்காக 2002இல் தொடங்கப்பட்ட உலகளாவிய நிதியம் சிறிய நிறுவனங்களிடமிருந்து நேரடி விண்ணப்பம் வாங்குவதில்லை. நாட்டளவிலான ஒருங்கிணைப்புக் குழு விண்ணப்பிக்கிறது, முதன்மைப் பெறுநர் என்ற பெரிய அமைப்பு பணத்தைப் பெறுகிறது, அதன் கீழ்தான் துணைப் பெறுநராகச் சிறியவர்கள் இடம்பெற முடியும். ஆகவே அங்கே நட்பு தேட வேண்டியது முதன்மைப் பெறுநரிடம். 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தோன்றிய முதல் சமூக அறக்கட்டளையைப் பின்பற்றிப் பல நாடுகளில் உருவானவையோ ஒரு குறிப்பிட்ட ஊரையோ வட்டாரத்தையோ தாண்டிப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. அதே காரணத்தால் அந்த வட்டாரத்துக்குள் உள்ள சிறியவர்களுக்கு அவையே எளிதில் அணுகத்தக்கவை. அமெரிக்காவில் லாப நோக்கமற்ற மருத்துவமனைகளும் காப்பீட்டு அமைப்புகளும் லாப நோக்குள்ளவையாக மாறியபோது அந்தச் சொத்து மதிப்பைக் கொண்டு உருவான அறக்கட்டளைகளும் உண்டு. புளூ கிராஸ் ஆஃப் கலிஃபோர்னியா என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பு அப்படி மாறியதன் விளைவாக 1996இல் பிறந்த கலிஃபோர்னியா எண்டோமென்ட் அவற்றுள் ஒன்று.

ஓர் அமைப்பு தன் இணையதளத்தில் என்ன சொல்கிறது என்பதைவிட, கடந்த மூன்று ஆண்டுகளில் யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தது என்ற பட்டியல் அதிகம் பேசும். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வரிப் படிவத்தில் இந்தப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. பிரிட்டனில் 360கிவிங் என்ற முயற்சி பல அமைப்புகளின் தரவை ஒரே வடிவத்தில் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் அளவுள்ள நிறுவனம் ஒன்றுகூட இல்லையென்றால், எவ்வளவு அழகாக எழுதினாலும் பயன் குறைவு. பொருந்தாத இடத்துக்கு எழுதும் பத்து விண்ணப்பங்களின் உழைப்பைப் பொருந்தும் இரண்டில் செலவிடலாம்.

இனி முன்மொழிவுக்கு வருவோம். தேவையை விளக்கும் பகுதியில் பெரும்பாலோர் தேசிய அளவிலான நோய்ப் புள்ளிவிவரங்களை அடுக்குகிறார்கள். படிப்பவருக்கு அவை ஏற்கெனவே தெரியும். தெரியாதது, நீங்கள் வேலை செய்யும் அந்த ஏழெட்டுக் குடியிருப்புகளில் நிலைமை என்ன, அங்குள்ளவர்கள் எதைத் தங்கள் பிரச்சினையாகக் கருதுகிறார்கள் என்பதுதான். 1970இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் ராஜ் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற மருத்துவத் தம்பதியர் சமூக நலவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மக்கள் முதலில் கேட்டது மருத்துவரை அல்ல, உணவையும் தண்ணீரையும். அவர்கள் அதிலிருந்தே தொடங்கினார்கள். பிறகு கிராமத்தார் தேர்ந்தெடுத்த, பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களை நலவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். 1978ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் ஆரம்ப சுகாதாரத்தில் மக்கள் பங்கேற்பை வலியுறுத்தியதற்கு முன்பே நடந்தது இது. நிதி தருபவர்கள் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற தலைப்பில் எதிர்பார்ப்பது இதைத்தான்: மக்கள் சொன்ன எந்தக் கருத்து உங்கள் திட்டத்தை எந்த இடத்தில் மாற்றியது? இந்தக் கேள்விக்கு ஒரு திட்டவட்டமான பதில் இருந்தால், கூட்டம் நடத்திய புகைப்படங்கள் தேவையில்லை.

அடுத்தது விளைவு. நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். ‘நாற்பது முகாம்கள் நடத்துவோம், ஐயாயிரம் பேரைப் பரிசோதிப்போம்’ என்று எழுதினால் அது செயல்பாடு. அதனால் யாருடைய உடல்நிலை எப்படி மாறும் என்பது அதில் இல்லை. இதை உணர்ந்தவர்கள் அதற்கு நேரெதிரான பிழையைச் செய்கிறார்கள்: ‘இரண்டு ஆண்டுகளில் பச்சிளம் குழந்தை இறப்பைப் பாதியாகக் குறைப்போம்’ என்று வாக்களிக்கிறார்கள். ஐயாயிரம் பேர் வாழும் பகுதியில் ஆயிரம் பேருக்கு 20 பிறப்பு என்ற விகிதத்தில் ஆண்டுக்கு நூறு குழந்தைகள் பிறக்கும். ஆயிரம் பிறப்புக்கு 30 இறப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு மூன்று குழந்தைகள் இறப்பார்கள். அடுத்த ஆண்டு அந்த எண் ஒன்றாகவோ ஐந்தாகவோ ஆவது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது புள்ளியியல் தெரிந்த மதிப்பீட்டாளருக்கு உடனே தெரியும். அந்த நொடியில் மீதி முன்மொழிவின் மீதும் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் சரியான இடம். உயிர்காக்கும் என்று ஏற்கெனவே ஆய்வுகளால் நிறுவப்பட்ட ஓர் இடைநிலை மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் ஒழுங்காக அளக்கலாம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு அது 140/90க்குக் கீழே கட்டுப்பாட்டில் இருக்கிறது, கருவுற்ற பெண்களில் எத்தனை பேர் உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்த எட்டுச் சந்திப்புகளை முடித்தார்கள், குழந்தைகளில் எத்தனை பேருக்கு வயதுக்குரிய எல்லாத் தடுப்பூசிகளும் போடப்பட்டிருக்கின்றன என்பன போன்றவை அவை. மூன்றிலும் ‘எத்தனை பேரில்’ என்ற பகுதியே முக்கியம். ‘எத்தனை பேரில்’ என்ற பகுதி எண் இல்லாமல், ‘எத்தனை பேர்’ என்ற தொகுதி எண்ணை மட்டும் தரும் அறிக்கை, முகாமுக்கு வராதவர்களை மறைத்துவிடுகிறது. பெரும்பாலும் அவர்களே அதிகம் நோயுற்றவர்கள்.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. முகாமுக்கு வந்தவர்களில் ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களை மட்டும் தேர்ந்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்தால், நீங்கள் எதுவுமே செய்யாவிட்டாலும் சராசரி குறைந்திருக்கும். ஒருவருடைய ரத்த அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும்; அது ஏறியிருந்த நாளில் பிடிபட்டவர்களைத்தான் நீங்கள் தேர்ந்திருக்கிறீர்கள். ஆகவே முதல் நாளிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்து சராசரி எடுப்பது, வேறொரு நாளில் உறுதிசெய்த பிறகே பதிவுசெய்வது, முடிந்தால் வேலை இன்னும் தொடங்காத பக்கத்துப் பகுதியையும் ஒப்பிட்டு அளப்பது ஆகியவற்றை முன்மொழிவிலேயே எழுதிவிட வேண்டும். பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தைக் கூட்டுச் சேர்க்காமலேயே இதைச் செய்ய முடியும். ஒரு பக்கத்தில் இதைத் தெளிவாக எழுதியிருக்கும் சிறிய நிறுவனம், ‘தாக்க மதிப்பீடு நடத்தப்படும்’ என்று ஒரே வரியில் முடிக்கும் பெரிய நிறுவனத்தைவிட உயர்ந்து தெரியும்.

காலத்தைப் பற்றியும் நேர்மை வேண்டும். ஃபின்லாந்தின் வடக்குக் கரேலியா மாகாணத்தில் இதயநோயால் நடுவயது ஆண்கள் அதிகம் இறந்துகொண்டிருந்தபோது, உள்ளூர் மக்கள் பிரதிநிதிகள் 1971இல் அரசிடம் மனு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பெக்கா புஸ்கா தலைமையில் திட்டம் தொடங்கியது. மார்த்தா என்ற இல்லத்தரசிகள் அமைப்பு சமையல் பழக்கத்தை மாற்றும் வேலையில் இறங்கியது. பக்கத்து மாகாணமான குவோபியோ ஒப்பீட்டுப் பகுதியாக வைக்கப்பட்டு, 1972இலும் 1977இலும் இரு இடங்களிலும் கணக்கெடுப்பு நடந்தது. முதல் ஐந்தாண்டில் காட்ட முடிந்தது புகைப்பழக்கம், கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றின் மாற்றம். திட்டம் 25 ஆண்டுகள் நடந்தது. வேலை செய்யும் வயது ஆண்களின் இதயநோய் இறப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததைக் காண ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. அரசின் ஆதரவும் தேர்ந்த ஆய்வாளர்களும் இருந்த ஒரு திட்டத்துக்கே இவ்வளவு காலம் என்றால், இரண்டாண்டு நிதியை வைத்துக்கொண்டு நோயை ஒழிப்பதாக எழுதுவதை யார் நம்புவார்கள்?

இரண்டாவது கேள்வி, அலுவலகச் செலவு. கேட்கலாம், கேட்க வேண்டும். கணக்காளர், தணிக்கை, வாடகை, மென்பொருள், பணியாளர் தேர்வு, நிறுவனத் தலைவரின் நேரம் ஆகியவை இல்லாமல் எந்தத் திட்டமும் நடப்பதில்லை. ஆனால் நிதி தருபவர்கள் பலர் இவற்றை வீண்செலவாகப் பார்க்கிறார்கள் என்ற பயத்தில் நிறுவனங்கள் குறைத்துக் காட்டுகின்றன. குறைத்துக் காட்டியதைப் பார்த்து, இவ்வளவே போதும் போலிருக்கிறது என்று தருபவர்கள் நம்புகிறார்கள். அடுத்த முறை எதிர்பார்ப்பு இன்னும் குறைகிறது. ஆன் காகின்ஸ் கிரெகரி, டான் ஹோவர்ட் ஆகிய இருவர் 2009இல் இதைப் பட்டினிச் சுழற்சி என்று விவரித்தார்கள். அதன் பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. அரசுடன் தனியாகப் பேசி நிர்ணயித்த விகிதம் இல்லாத அமைப்புகளுக்கு அமெரிக்கக் கூட்டரசு 2014 முதல் அனுமதித்துவந்த 10 சதவீத மறைமுகச் செலவை (எந்த ஒரு திட்டத்துக்கும் நேரடியாகச் சேராத அலுவலகச் செலவை) 2024 அக்டோபரிலிருந்து 15 சதவீதமாக உயர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் ஆராய்ச்சித் திட்டங்களில் அது நேரடிச் செலவின் 25 சதவீதம்.

இதைக் கையாளும் முறை எளிது. முதலில் ஓராண்டுக்கு நிறுவனத்தின் மொத்தச் செலவை எடுத்து, ஒவ்வொரு செலவும் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பயன்படுகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு ஒருங்கிணைப்பாளர் தன் நேரத்தில் நாற்பது சதவீதத்தை இந்தத் திட்டத்துக்குத் தருகிறார் என்றால் அவருடைய சம்பளத்தில் நாற்பது சதவீதம் நேரடிச் செலவே; அதை நிர்வாகச் செலவில் போட்டு, பிறகு வரம்பு போதவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. பரிசோதனைக் கருவிகளைச் சரிபார்ப்பது, தரவைப் பதிவது, களப்பணியாளரின் பயணம், மதிப்பீடு ஆகியவையும் திட்டத்துக்குள்ளேயே வர வேண்டும். அப்படிச் சேர்த்த பிறகும் எஞ்சுவதே மறைமுகச் செலவு. இவ்வளவும் கேட்டால் மறுத்துவிடுவார்களே என்றால், மறுக்கட்டும் என்பதே என் பதில். உண்மைச் செலவில் எழுபது சதவீதத்தை மட்டும் தரும் நிதி, மீதி முப்பதை உங்கள் வேறு பணிகளிலிருந்து உறிஞ்சும். இரண்டாம் ஆண்டில் முதலில் விலகுவது அனுபவமுள்ள களப்பணியாளர்தான். வட்டாரத்தில் அவர் மேல் இருந்த நம்பிக்கையை எந்த நிதியாலும் திரும்ப வாங்க முடியாது.

பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள். அரசு நிதி பல இடங்களில் செலவழித்த பிறகு திருப்பித் தரப்படுவது. கையிருப்பு இல்லாத நிறுவனம், வென்ற நிதியாலேயே சம்பளம் கொடுக்க முடியாத நிலைக்குப் போகக்கூடும். ஒரே கொடையாளரை நம்பியிருப்பது அதைவிட ஆபத்தானது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது பல நாடுகளில் நலவாழ்வுத் திட்டங்கள் சில நாட்களில் முடங்கின. அதே ஆண்டு ஜூலை 1இல் அந்நாட்டு அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் தன் உதவிப் பணிகளையே முடித்துக்கொண்டது. உலகின் மிகப் பெரிய கொடையாளர் ஒருவரிடமே இது நடந்தது. எந்த ஒரு மூலமும் வருமானத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும், மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பை மெல்ல மெல்லச் சேர்ப்பதும் நல்ல இலக்குகள். குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கட்டுப்படுத்தப்படாத நிதி கிடைக்கும்போது அதைக் கையிருப்புக்கே முதலில் ஒதுக்கலாம். 2020 முதல் அமெரிக்கக் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் பெருந்தொகைகளைக் கொடுத்தது இத்தகைய நிதியைப் பற்றிய பேச்சை முன்னே கொண்டுவந்தது என்றாலும், பெரும்பாலான சிறிய நிறுவனங்களுக்கு அது உள்ளூர் மக்களின் சிறு நன்கொடைகளிலிருந்துதான் வரும்.

மூன்றாவது கேள்வி, நிதி முடிந்த பிறகு என்ன. ‘சமூகமே இதை ஏற்று நடத்தும்’ என்ற வாக்கியத்தை ஏறக்குறைய எல்லா முன்மொழிவுகளிலும் காணலாம். ஏறக்குறைய யாரும் அதை நம்புவதில்லை. நேர்மையான பதில்கள் நான்கே. அரசு அமைப்பு இதை ஏற்கும். அப்படியென்றால் எந்தத் துறை, எந்த அதிகாரப் படிநிலையில், இப்போதே யாருடன் பேச்சு நடக்கிறது என்று எழுத வேண்டும். பயனாளிகள் கட்டணம் தருவார்கள். அப்படியென்றால் தர இயலாதவர்கள் என்ன ஆவார்கள் என்று சொல்ல வேண்டும். வேறு கொடையாளர் வருவார். அப்படியென்றால் யார் என்று சொல்ல வேண்டும். கடைசி பதிலைச் சொல்லத்தான் தயங்குகிறார்கள்: இந்த வேலை முடிந்துவிடும், முடிவது தவறில்லை. ஒரு குடிநீர் ஆதாரத்தைச் சுத்தப்படுத்துவது, ஒரு தலைமுறைச் செவிலியர்களுக்குப் பயிற்சி தருவது போன்றவை முடிய வேண்டிய வேலைகளே. ஆனால் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டிய நீரிழிவு நோயாளிகளுக்கு மருந்து தரும் திட்டத்தை அப்படி முடிக்க முடியாது. அதை இரண்டாண்டு நிதியில் தொடங்கும் முன்பே, நோயாளிகளை எந்தப் பொது மருத்துவமனையில் சேர்த்துவிடுவது என்ற வழியை அமைத்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நலவாழ்வுத் துறையில் எல்லாப் பணமும் ஏற்கத்தக்கதல்ல. 2005இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து பொது சுகாதாரக் கொள்கையைக் காக்குமாறு அரசுகளைக் கேட்கிறது. சிகரெட் நிறுவனமான ஃபிலிப் மோரிஸ் இன்டர்நேஷனலின் நிதியில் 2017இல் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டபோது, அதனுடன் கூட்டுச் சேரப்போவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. குழந்தைகளுக்கான பால்மாவு நிறுவனங்களின் விற்பனை முறைகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிமுறை 1981லிருந்து இருக்கிறது. தாய் சேய் நலப் பணியில் இருப்பவர்கள் அந்த நிறுவனங்களின் பணத்தை வாங்கினால், தாய்ப்பாலை வலியுறுத்தும் அவர்களுடைய பேச்சுக்கு மதிப்பிருக்காது. எந்த வகைப் பணத்தை ஏற்க மாட்டோம் என்று நிர்வாகக் குழு ஒரு பக்கக் கொள்கையை முன்கூட்டியே நிறைவேற்றி வைத்திருப்பது நல்லது; பெரிய காசோலை மேசைக்கு வந்த பிறகு கூடி விவாதிப்பது கடினம்.

உங்களை நிராகரித்த இரு அறக்கட்டளைகளுக்கும் மரியாதையான ஒரு கடிதம் எழுதி, மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளைத் தர இயலுமா என்று கேளுங்கள். சில தரும், சில தராது. தரும் குறிப்பில் ‘நிதி போதவில்லை’ என்று மட்டும் இருந்தால் அடுத்த சுற்றில் மீண்டும் விண்ணப்பிக்கலாம். ‘எங்கள் முன்னுரிமைகளுக்குள் வரவில்லை’ என்றிருந்தால் அந்தக் கதவை விட்டுவிடுவது நல்லது. ‘விளைவுகள் தெளிவாக இல்லை’ என்றிருந்தால், முழு ஆவணத்தையும் திருத்தத் தொடங்காமல், ஒரே ஒரு இடைநிலை மாற்றத்தை மேலே சொன்னபடி தேர்ந்தெடுத்து, அடுத்த விண்ணப்பக் காலம் வருவதற்குள் உங்கள் பகுதியில் அதற்கான அடிப்படைக் கணக்கெடுப்பைச் சொந்தச் செலவில் சிறிய அளவிலாவது முடித்துவிடுங்கள். யார் யாரைக் கணக்கெடுத்தோம், யார் விடுபட்டார்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற எண்களோடு வரும் இரண்டாவது விண்ணப்பம் முதலாவதைவிடக் குறுகியதாகவே இருக்கும்.